ஒரு பேச்சுக்கு விழுந்த மிஸ்டர் எக்ஸ்

“நோ சார். மை பேஷன்ட் வில் நாட் ஃபால்.”

என் மனைவி ஸ்டெல்லா இதைச் சொன்னபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடத்து மேஜையில் லேப்டாப். அதற்குள்ளே அயர்லாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றின் அதிகாரி. சத்தம் போடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அடுப்பில் இருந்த குக்கரை இறக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மீன்காரர் வண்டியில் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்ததால், ஜன்னல் வழியே கையைக் காட்டி அவரைக் கெஞ்சி அனுப்பினேன். காரைக்காலில் மீன்காரரைத் திருப்பி அனுப்புவது லேசான காரியம் இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். ஸ்டெல்லாவுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி மெதுவாகக் கேட்டார். உங்கள் நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தால் என்ன செய்வீர்கள்? இதுதான் கேள்வி.

“ஐ ஹேவ் புட் த சைட் ரெயில், சார்” என்றாள் ஸ்டெல்லா. கட்டிலுக்குப் பக்கவாட்டில் ஏற்றிவிடுகிற கம்பியைச் சொல்கிறாள். கம்பியைப் போட்டிருக்கிறேன், அப்புறம் எப்படி விழுவார் என்கிறாள்.

அவர் வேறு கேள்விக்குப் போனார். தவறான மருந்தைக் கொடுத்துவிட்டால்? கொடுக்க மாட்டேன் சார், பார்த்துத்தான் கொடுப்பேன் என்றாள். நோயாளியின் இதயம் நின்றுவிட்டால்? ஸ்டெல்லா கேமராவுக்கு முன்னாலேயே நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் நன்றாக இருக்கிறார் சார் என்றாள்.

யார் நன்றாக இருக்கிறார்? அப்படி ஒரு நோயாளியே கிடையாது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் அதுவும் லேப்டாப்பில் கேட்குமே.

மன்னிக்கவும் என்று அந்த வார முடிவிலேயே பதில் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை வாய்ப்பு வாங்கித் தருகிறேன், அதிலும் தவறினால் அந்த மருத்துவமனை உங்கள் பெயரை எடுத்துவிடும் என்று வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துப் பெண் போனில் சொன்னாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். “கேள்வி புரியலையா உனக்கு?” என்று கேட்டேன்.

ஸ்டெல்லா தலையை நிமிர்த்தவில்லை. “புரிஞ்சுதுங்க. அந்த வார்த்தைய எப்படி வாயால சொல்றது?” என்றாள்.

தலையணையில் காட்டுகிறவள்

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். டெல்டா பக்கத்து ஆட்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒருவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது என்று சொல்லும்போது, சொல்கிறவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்ட மாட்டார். தவறிக் காட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கையைத் தட்டிவிடுவார். அந்த இடத்தில் அதே நோய் வந்துவிடும் என்று பயம். ஸ்டெல்லா இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ். வெட்டுக்காயத்தையும் தையலையும் பார்த்து அலுத்தவள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அன்றைய கதையைச் சொல்லும்போது கட்டிலில் இருக்கிற தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் சொல்வாள். “இங்கேருந்து இது வரைக்கும் கிழிச்சிருந்தாங்க” என்று தலையணையில் விரலால் கோடு போடுவாள். என் தலையணை அனுபவித்த அறுவை சிகிச்சைகளுக்குக் கணக்கு இல்லை.

அவள் வேலை பார்க்கிற வார்டிலும் இதே கதைதான். இன்றைக்கு வார்டு அமைதியாக இருக்கிறது என்று யாராவது புது நர்ஸ் சொல்லிவிட்டால் பழைய நர்சுகள் அவளைக் கரித்துக் கொட்டிவிடுவார்களாம். சொன்ன வாய் மூடுவதற்குள் ஆம்புலன்ஸ் வரும் என்பார்கள்.

நாம் பேசுகிறபோது அந்த வழியாகச் சம்மனசு ஒன்று போய்க்கொண்டிருக்கும், நம் பேச்சைக் கேட்டு அது ‘ஆமென்’ சொல்லிவிட்டால் பலித்துவிடும் என்று ஸ்டெல்லாவின் வீட்டில் சொல்வார்கள். சம்மனசு என்றால் தேவதூதர். அதனால் கோவில் மணி அடிக்கிற அந்திப் பொழுதில் கெட்டதை வாயால் சொல்லக்கூடாது. எங்கள் தெருவின் இந்துக் குடும்பங்களில் இதையே, ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்லிப் போகிற ததாஸ்து தேவதைகள் என்பார்கள். மதம் எதுவானாலும், சாயங்காலம் ஆறு மணிக்கு காரைக்காலின் வானத்தில் யாரோ காதைத் தீட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இல்லை.

அப்படி வளர்ந்தவளிடம் போய், அயர்லாந்துக்காரர் வரிசையாகக் கேட்கிறார். விழுந்தால்? மருந்து மாறினால்? இதயம் நின்றுவிட்டால்? அவள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாள், தன் நோயாளியைக் காப்பாற்றுகிற மாதிரி.

போடாத கையெழுத்து

எதற்கு இந்த வயதில் அயர்லாந்து என்று அவளிடம் நான் கேட்டிருக்கிறேன். மகன் வேலைக்குப் போய்விட்டான், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. அம்பகரத்தூர்ப் பள்ளியில் தமிழாசிரியரான எனக்குச் சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. அவள் போயே தீரவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

அவள் சொன்ன பதிலைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்கதை கொஞ்சம் தெரியவேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்புகிறவர்கள் இன்ன தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வாய்ப்பு வந்தது. சிலர் கையெழுத்துப் போட்டார்கள். பலர் போடவில்லை. அன்றிலிருந்து ஊர் இரண்டு வகையாகப் பிரிந்தது. கையெழுத்துப் போட்ட குடும்பம், போடாத குடும்பம். போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்து சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொடுப்பார்கள். போடாதவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வாங்கி முகர்ந்து பார்ப்பார்கள்.

ஸ்டெல்லாவின் தாத்தா போடாதவர். அவருடைய தம்பி போட்டவர். தாத்தா ஏன் போடவில்லை? அப்போதுதான் ஒரு கறவை மாடு வாங்கியிருந்தாராம். கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மாட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று பேசாமல் இருந்துவிட்டார். மாடு நல்ல மாடுதான், வேளைக்கு நிறையக் கறந்தது என்று சொல்வார்கள்.

அந்த வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். கரண்ட் போனால், மகளுக்கு நல்ல வரன் தட்டிப்போனால், கூரை ஒழுகினால், அன்றைக்கு மட்டும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்டெல்லா தாலாட்டுக்குப் பதிலாக இதைக் கேட்டு வளர்ந்தவள்.

“எனக்கு பிரான்ஸ் வேணாங்க. அயர்லாந்தே போதும்” என்றாள் என்னிடம். “எங்க தாத்தா போடாத கையெழுத்த நான் போடணும். ஒரு தடவை என் கையால போட்டுட்டா இந்த வீட்ல அந்தப் பேச்சு நின்னுடும்.”

நான் எதிர்த்துப் பேசவில்லை. இருபது வருஷம் அடுத்தவருக்காகக் கண் விழித்த ஒருத்தி தனக்கென்று முதல் தடவையாக ஒன்றைக் கேட்கிறாள், நான் என்ன சொல்ல.

பேருந்து நிலையத்துப் புத்தகம்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கினேன். எனக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேச வராது. ஸ்டெல்லாவுக்குப் பேச வரும், இலக்கணம் என்றால் எரிச்சல். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று உட்கார்ந்தோம்.

‘இஃப்’ வாக்கியங்களை அந்தப் புத்தகம் மூன்று பெரிய வகையாகப் பிரித்திருந்தது. நடக்கக்கூடியது முதல் வகை. மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வேன். மூன்றாவது, போன பஸ். அன்றைக்கு நான் சீக்கிரம் கிளம்பியிருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன். கிளம்பவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டாவது வகைதான் எங்கள் இருவரையும் திணற அடித்தது. நடக்காத, அல்லது நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சும்மா நினைத்துப் பார்ப்பது. நான் பறவையாக இருந்தால் என்று உதாரணம் கொடுத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த உதாரணம் ஒரு கேடு.

முதல் வகையை ஸ்டெல்லா ஊதித் தள்ளினாள். அது டெல்டாக்காரர்களின் தாய்மொழி. நாங்கள் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. தண்ணீர் வந்தால் நடலாம், வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே அம்பகரத்தூரில் என் மாணவர்களின் அப்பாக்கள் விவசாயம் செய்கிறார்கள். அவர்கள் பேச்சில் ‘வந்தால்’ இல்லாத வாக்கியமே இருக்காது.

மூன்றாவது வகையை நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“இது எங்க வீட்டுப் பாட்டாச்சே” என்றாள். “எங்க தாத்தா அந்த மாட்ட வாங்காம இருந்திருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பாரு. போட்டிருந்தா நான் பாரிசுல பொறந்திருப்பேன்.” அதையே தட்டுத் தடுமாறாமல் ஆங்கிலத்திலும் சொன்னாள். ஒரு பிழை இல்லை. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டாள். “உங்களைத் தெரிஞ்சே இருக்காது.”

புத்தகத்தை மூடிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். என் கல்யாணம், என் பிள்ளை, இருபத்தைந்து வருஷமாக நான் குடிக்கிற காலைக் காப்பி, எல்லாமே ஒரு மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த மாட்டை விற்ற தரகர் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை சொல்லியிருந்தால் தாத்தா வேண்டாம் என்று திரும்பியிருப்பார். நான் வேறு யாருடனோ வேறு எந்த வீட்டிலோ இருந்திருப்பேன், எனக்கு என்ன போயிற்று என்பதுகூடத் தெரியாமல். பெயர் தெரியாத அந்தத் தரகருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இந்த வாக்கியத்தை ஊர் முழுக்கப் புலம்பலாகத்தான் கேட்டிருக்கிறேன். அதைத் திருப்பிப் போட்டால் நன்றி சொல்கிற வாக்கியமாகவும் ஆகும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே உட்கார்ந்திருந்த இறந்தகாலம்

ஆனால் நேர்காணலில் கேட்பது இரண்டாவது வகையை. அதில் ஸ்டெல்லா அசையவில்லை. நீ ஜனாதிபதியாக இருந்தால் என்று கேட்டால் சொல்வாள். உன் நோயாளி விழுந்தால் என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

எனக்கு வேறு ஒரு குழப்பம். நாளைக்கு நடப்பதாக நினைத்துப் பார்க்கிற விஷயத்துக்கு ஆங்கிலக்காரன் ஏன் நேற்றைய வினைச்சொல்லைப் போடுகிறான்? விழுந்தால் என்பதற்கு இரண்டாவது வகையில் ‘ஃபெல்’ என்று வருகிறது. அது விழுந்தான் என்கிற இறந்தகாலம் ஆயிற்றே. என்ன மொழி இது, காலம் தெரியாத மொழி என்று ஆசிரியர் அறையில் ஒரு மத்தியானம் எகிறிக்கொண்டிருந்தேன்.

எதிரே நிஜாம் சார் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். கணக்கு ஆசிரியர், என் வயதுக்காரர். நான் தமிழைத் தூக்கிப் பிடிக்கும்போதெல்லாம் காலை வாருவது அவருக்குப் பொழுதுபோக்கு.

“விழுந்தால்னு நீங்க சொல்றீங்களே தமிழய்யா, அதுக்குள்ள இருக்கிற ‘விழுந்து’ எந்தக் காலம்?” என்று கேட்டார்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். வந்தால். பெய்தால். போனால். விழுந்தால். எல்லாவற்றிலும் வந்ததும் பெய்ததும் போனதும் விழுந்ததும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்த ‘ஆல்’ வரப்போகிற காலத்துக்கு உரியது என்று எத்தனையோ வருஷமாக வகுப்பில் பாடம் நடத்துகிறேன். இரண்டு மொழிகள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை, நடக்காத ஒன்றைப் பேசவேண்டும் என்றால் இரண்டுமே நடந்து முடிந்ததன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகின்றன. நான் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது காதில் விழவில்லை.

அன்று மாலை நிஜாமை வீட்டுக்கு டீக்கு அழைத்துவந்தேன். ஸ்டெல்லாவின் கதையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். அவர் வீட்டிலும் நாளைக்கு வருகிறேன் என்று வெறுமனே சொல்ல மாட்டார்கள், ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்த்துத்தான் சொல்வார்கள். அல்லாஹ் நாடினால் என்று பொருள். அதுவும் ஒரு ‘ஆல்’தானே என்றார். நல்லதைச் சொல்லும்போதே நிபந்தனை போட்டுச் சொல்கிற ஆட்கள் நாம், கெட்டதை எப்படிச் சொல்வோம் என்றார்.

பிறகு ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

“நாங்க கணக்குல எக்ஸ் என்கன்னு ஆரம்பிப்போம் தங்கச்சி. எக்ஸ்னு ஒருத்தனும் கிடையாது. ஒரு பேச்சுக்கு வச்சுக்கிறது. அவனைக் கூட்டுவோம், கழிப்போம், ரெண்டா வெட்டுவோம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கணக்கு முடிஞ்சதும் போயிடுவான்.”

ஸ்டெல்லா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஒரு பேச்சுக்கு. எங்கள் ஊரில் இதைச் சொல்லிவிட்டால் எதையும் சொல்லலாம். ‘ஒரு பேச்சுக்குச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று தொடங்கி, எதிரில் இருப்பவரின் வீடு தீப்பிடித்ததாகக்கூட வைத்துக்கொண்டு பேசலாம். சம்மனசு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆங்கிலக்காரன் அந்த இரண்டு சொல்லையும் தனியாகச் சொல்வதில்லை. வினைச்சொல்லை ஒரு காலம் பின்னால் நகர்த்திவைத்துவிட்டு, இது நம் பக்கத்தில் இல்லை, தள்ளி இருக்கிறது என்று காட்டிவிடுகிறான். ‘ஃபெல்’ என்பதுதான் அவனுடைய ‘ஒரு பேச்சுக்கு’. கெட்டது அண்டாமல் இருக்க அவனும் ஏதோ ஒன்றைச் செய்துதான் இருக்கிறான்.

கடல் தாண்டி இருக்கிற யாரோ ஒருவனுக்கும் எங்கள் தெருவுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

“அப்ப அவரு கேட்டது என் பேஷன்ட்டப் பத்தி இல்லையா?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“இல்லவே இல்ல. அது எக்ஸு” என்றார் நிஜாம்.

அவள் எழுந்து உள்ளே போனாள். என் தலையணையை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். “இவன்தான் எக்ஸ். இப்ப கேளுங்க” என்றாள்.

மிஸ்டர் எக்ஸ்

அடுத்து வந்த நாட்களில் என் தலையணை பட்ட பாடு சொல்லி முடியாது. மிஸ்டர் எக்ஸ் கட்டிலிலிருந்து விழுந்தார், குளியலறையில் வழுக்கினார், மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தார், சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தார், நர்சைத் திட்டினார். நான் பள்ளியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கேள்வி கேட்பேன். ஸ்டெல்லா தலையணையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். விழுந்தால் முதலில் தூக்க மாட்டாள். அடி எங்கே என்று பார்ப்பாள், பேச்சுக் கொடுப்பாள், ஆளைக் கூப்பிடுவாள், பிறகுதான் தொடுவாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் வேலை என்னவென்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவள் வாயிலிருந்து வாக்கியம் வாக்கியமாக வரும்போது, இந்தப் பெண்ணிடம் கிடைக்கிற நோயாளி கொடுத்து வைத்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. மிஸ்டர் எக்ஸ் செத்துப்போனால் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. ராத்திரி நான் தலை வைத்துப் படுக்க வேண்டியவர் அவர்.

ஆறு மணி

இரண்டாவது நேர்காணல் சாயங்காலம் அமைந்தது. அவர்களுக்கு அது மத்தியானம். அதே மேஜை, அதே லேப்டாப். இந்தத் தடவை மீன்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஸ்டெல்லா நீலப் புடவை கட்டியிருந்தாள். கேமராவில் தெரியாதபடி மடியில் மிஸ்டர் எக்ஸ்.

இந்த முறை கேள்வி கேட்டது நரைத்த முடியுள்ள ஒரு பெண்மணி. விழுந்தால் என்றார். ஸ்டெல்லா சொன்னாள். மருந்து மாறினால் என்றார். மறைக்க மாட்டேன், உடனே டாக்டரிடம் சொல்வேன், நோயாளியிடமும் சொல்வேன் என்றாள். கதவுக்குப் பின்னால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லாம் நன்றாகப் போகிறதே என்பதே பயமாக இருந்தது.

அப்போது அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்கள் வேலையில் இருக்கும்போது உங்கள் நோயாளி இறந்துவிட்டால், அவர் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அதே நேரத்தில் மாதா கோவில் மணி அடித்தது. ஆறு மணி.

கதவு இடுக்கு வழியாக ஸ்டெல்லாவின் முதுகு தெரிந்தது. இடது கை மேஜைக்குக் கீழே தலையணையை இறுக்கிப் பிடித்திருந்தது. மணி நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை. இவள் மறுபடியும் அவர் நன்றாக இருக்கிறார் மேடம் என்று சொல்லப்போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மணி ஓய்ந்தது.

“இஃப் ஹி டைடு” என்று இரண்டாவது வகையில் ஆரம்பித்தாள்.

நின்றுகொண்டு சொல்ல மாட்டேன் என்றாள். அவருடைய மனைவிக்கு முதலில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போடுவேன். நானும் பக்கத்தில் உட்காருவேன். கட்டில் எண்ணைச் சொல்ல மாட்டேன், அவர் பெயரைச் சொல்வேன். இறந்துவிட்டார் என்று தெளிவாகச் சொல்வேன், சுற்றி வளைக்க மாட்டேன். அவர்கள் அழுது முடிக்கிறவரை எழுந்து போக மாட்டேன். கடைசியில் அவர் என்ன பேசினார் என்று கேட்பார்கள், எல்லோரும் கேட்பார்கள். அதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து கேட்டு வைத்திருப்பேன்.

திரையில் இருந்த அம்மாள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேங்க் யூ என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அந்தக் கதவில் சாய்ந்தபடியே நின்றேன். இந்த வார்த்தைகளையெல்லாம் இவள் எத்தனை பேர் வீட்டாரிடம் நிஜமாகவே சொல்லியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கண் கலங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

கையெழுத்து

வேலை ஒப்பந்தம் போனிலேயே வந்தது. காகிதம் கிடையாது, பேனா கிடையாது. திரையில் ஒரு கட்டம் காட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னது. ஸ்டெல்லா கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். தாத்தா படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தன் பெயரை முழுக்க எழுதினாள். முதல் தடவை கோணல். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

“போட்டாச்சு” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் வீட்டில் எத்தனை பேர் எத்தனை காலம் காத்திருந்தார்கள் என்று நினைத்தேன். அந்த வேளையில் அவள் முகம் இருந்த மாதிரி எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. என் மடியில் தலையணை இருந்தது.

“ஒரு பேச்சுக்குக் கேக்குறேங்க” என்றாள் ஸ்டெல்லா. “நான் போயி, அந்த ஊரு புடிச்சுப்போயி, அங்கேயே இருந்துட்டா என்ன பண்ணுவீங்க?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். பதில் எனக்குத் தெரியும். இரண்டாவது வகை. எக்ஸ் என்க. யாருக்கும் ஒன்றும் ஆகாது. நிஜாம் சொன்னதை அவளுக்கு மறுபடி மறுபடி விளக்கியவனே நான்தான். இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்று நாலு வாக்கியம் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம்.

“நோ மேடம்” என்றேன். “மை பேஷன்ட் வில் நாட் ஃபால்.”

அவள் சிரிக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். “கேள்வி புரியலையா உங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“புரிஞ்சுது” என்றேன். “அந்த வார்த்தைய எப்படி வாயால சொல்றது?”

கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. ஸ்டெல்லா என் மடியிலிருந்த மிஸ்டர் எக்ஸை எடுத்து, விழுந்துவிடாமல், கட்டிலில் சுவர் ஓரமாகப் படுக்க வைத்தாள்.